அவையில் வைத்த ஓலை



ஜார்ஜ்டவுனில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, 1எம்டிபி பேச்சு வந்தால் "ஜோ லோவைப் பிடிச்சு உள்ள போடணும்" என்போம். அவர் பினாங்கில் பிறந்தவர். 2018-இல் இங்கேயும் அமெரிக்காவிலும் குற்றஞ்சாட்டப்பட்டும் பிடிபடாதவர். ஆனால் ராஜ் ராஜரத்தினம் பேரைச் சொன்னால் அதே வாய் வேற மாதிரி பேசுது. "அண்ணே, அவர் நம்மாளு. சுனாமிக்கு அள்ளிக் கொடுத்தவர். வேணும்னே மாட்டிவிட்டாங்க."

கொழும்பில் பிறந்த தமிழர் அவர். நியூயார்க்கில் கேலியன் முதலீட்டு நிறுவனத்தை நடத்திப் பெரும் செல்வந்தரானார். 2009 அக்டோபரில் கைது. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு. 11 ஆண்டு சிறை.

அவர் யாரையும் அடிக்கலையே என்று ஒரு தம்பி கேட்டான். 2008 செப்டம்பரில் வாரன் பஃபெட் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியில் 500 கோடி டாலர் போடப்போகும் சேதி, ஊருக்குத் தெரியுமுன்பே அவ்வங்கியின் இயக்குநர் ரஜத் குப்தா வழியாக இவர் காதுக்குப் போனது. சந்தை மூடுவதற்குள் பங்குகளை வாங்கிவிட்டார்கள். அந்தப் பங்கை அன்று விற்றவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பேர் எந்தப் பேப்பரிலும் வரலை. அவனுக்காக நம்மில் யார் பேசுறது?

பெரியபுராணத்துக்கு வாங்க. புத்தூரில் சுந்தரருக்குக் கல்யாணம். அரசர் வளர்த்த பிள்ளை. பந்தல் முழுக்க அவர் பக்கம்தான். ஒரு கிழவர் வந்து "நீ எனக்கு அடிமை, ஓலை இருக்கு" என்றார். மாப்பிள்ளை அதைப் பிடுங்கிக் கிழித்தார். வந்தவர் சிவபெருமான். நெற்றிக்கண்ணைத் திறந்திருக்கலாம், திறக்கலை. திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போய் மூல ஓலையை வைத்தார். பாட்டனாரின் கையெழுத்தோடு அவையோர் அதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வந்தவர் இறைவன் என்று அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை யாரென்று நல்லாத் தெரியும். ஆனாலும் ஓலை சொன்னதைத்தான் தீர்ப்பாகச் சொன்னார்கள். சுந்தரரும் தலை வணங்கினார்.

ராஜரத்தினம் வழக்கில் ஓலை, அவருடைய சொந்தக் குரல்தான். ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பதிவுகளை ஜூரிகள் கேட்டார்கள். தாம் குற்றமற்றவர் என்று அவர் இன்றும் சொல்கிறார். சொல்ல உரிமை உண்டு. அவர் செய்த தர்மமும் பொய்யில்லை. அது தனிக் கணக்கு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? கோவிலுக்கு நன்கொடை கொடுக்கிறவர் சொன்னார் என்பதற்காகவே முதலீட்டுத் திட்டத்தில் முதல் சம்பளத்தைப் போடுற பசங்களை நான் பார்க்கிறேன். "எழுத்துல காட்டுங்க" என்று கேட்கக் கூச்சப்படுறாங்க. சாமியே காட்டியிருக்கார், இவர் காட்டக்கூடாதா?

அடுத்த வகுப்புக்குத் தடுத்தாட்கொண்ட புராணத்தைப் படிச்சிட்டு வாங்க. ஓலையைக் கிழித்த இடத்திலிருந்து பேசுவோம்.