காத்திருப்போர் பட்டியலும் கடவுளின் கணக்கும்

ரயில்வேயின் காத்திருப்போர் பட்டியலில் ஒரு நேர்மை உண்டு: எண் தருவார்கள். யாராவது பயணத்தை ரத்து செய்தால் வரிசை நகரும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் நிதியியல் முதுகலைப் படிப்புகளில் பெரும்பாலும் இந்த எண் கிடையாது. ‘உங்களைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கிறோம்’ என்று ஒரு கடிதம் வரும். அவ்வளவுதான்.

முதல் சுற்றில் தேர்வானவர்களில் பலருக்கு இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கும். முடிவைச் சொல்லும் கெடு நெருங்கி, அவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடும்போதுதான் காலியிடம் தெரியவரும். அது பட்டியலில் யாருக்குப் போகும்? வகுப்பில் அப்போது என்ன குறைகிறது என்பதையும் பார்ப்பார்கள். விலகியவர் கணிதப் பட்டதாரி என்றால் இன்னொரு கணிதப் பட்டதாரியைத் தேடக்கூடும். ஜூனில் அழைப்பு வந்த வெளிநாட்டு மாணவர் ஐ-20 படிவம், எஃப்-1 விசா நேர்காணல் என்று ஓட வேண்டும். ஓட்டம் அடங்கிய பிறகு ஒரு கேள்வி உறுத்தும். இந்த இடம் தன் தகுதிக்கு வந்ததா, யாரோ வேண்டாம் என்றதால் வந்ததா?

இதை யோசிக்க பிரின்ஸ்டனைவிடப் பொருத்தமான இடம் அமையாது. இன்று பெண்ட்ஹைம் நிதியியல் மையம் இயங்கும் அந்தப் பல்கலைக்கழகத்தை 1746-இல் தொடங்கியவர்கள், சமயச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்த பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவர்கள். கால்வின் மரபின் பேரவை ஒன்று 1618-19-இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடி ஒரு தீர்ப்புச் சொன்னது: கடவுள் சிலரை மீட்புக்குத் தேர்ந்தெடுப்பது, அவர்களிடம் முன்கூட்டியே கண்ட நம்பிக்கைக்காகவோ நற்செயலுக்காகவோ அல்ல. தமிழ் வைணவத்துக்கு இந்த வழக்கு புதிதல்ல. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று வடகலையார் குரங்கைக் காட்டினார்கள். தாயே கவ்விச் செல்லும் என்று தென்கலையார் பூனையைக் காட்டினார்கள். டோர்ட் பேரவை பூனைக் கட்சி.

தேர்வு எப்போதோ முடிந்துவிட்டது, முடிவு மட்டும் தெரியாது என்ற நிலையில் மனிதர் என்ன செய்வார்? அடையாளம் தேடுவார். உலகத் தொழிலில் வெற்றியையே அருளின் அடையாளமாகக் கண்டு கால்வின் மரபு விசுவாசிகள் அயராது உழைத்தார்கள் என்று சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1904-05-இல் வாதிட்டார். முதலாளித்துவத்தின் மனநிலைக்கே அதில் ஒரு வேர் இருப்பதாகச் சொன்னார். புதிய ஜி.ஆர்.இ. மதிப்பெண்ணையும் பயிற்சிப் பணியையும் சொல்லிச் சேர்க்கை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, நாளுக்கு நாலு முறை இணையதளத்தைத் திறந்து பார்க்கும் மாணவரை வேபருக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

இதே பிரின்ஸ்டனில் படித்தவர்தான் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ். கடவுளின் முன் மனிதத் தகுதி என்று எதுவும் நிற்காது என்று 1942-இல், 21 வயதில், இளங்கலை ஆய்வேட்டில் எழுதினார். 1971-இல் வந்த ‘நீதிக் கோட்பாடு’ நூலில் கடவுள் இல்லை, ஆனால் வாதத்தின் சாயல் இருக்கிறது: பிறவித் திறமையும் பிறந்த குடும்பமும் யாரும் தகுதியால் ஈட்டியவை அல்ல. பிரின்ஸ்டனிலேயே முனைவர் பட்டம் பெற்ற இன்னொரு தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் மறுத்தார். ஒரு பொருள் ஒருவருக்கு உரியதாக இருக்க அவர் அதற்குத் தகுதியானவராக இருக்க வேண்டியதில்லை. முறையான வழியில் கைக்கு வந்தால் போதும்.

பட்டியலிலிருந்து மேலே வந்தவருக்கு நோசிக் சொல்வதே உதவும். இடம் அவருடையதுதான், குற்ற உணர்ச்சி வேண்டாம். பெருமையடிக்கத் தோன்றினால் ரால்ஸ் பக்கம் திரும்பலாம். முதல் சுற்றிலேயே தேர்வானவருக்கும் அது பொருந்தும். அவருடைய தற்செயல்கள் கடிதத்தில் தெரியவில்லை, அவ்வளவே.

நன்றியின் சிக்கல் வேறு; அதற்கும் ரால்ஸின் வாழ்க்கையிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1945 மே மாதம், அவர் போர்வீரராக இருந்த லூசான் தீவுப் போர்முனை. கர்னலோடு வேவு பார்க்க ஒருவர், காயமடைந்தவருக்கு ரத்தம் கொடுக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். ரால்ஸும் டீக்கன் என்ற நண்பரும் முன்வந்தார்கள். ரால்ஸின் ரத்த வகை பொருந்தியது. கர்னலோடு போன டீக்கன் குண்டுவீச்சில் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு லெய்ட்டே தீவில், நம் தோட்டாக்களைக் கடவுளே குறிபார்த்து அனுப்புகிறார், எதிரியின் தோட்டாக்களிலிருந்து நம்மைக் காக்கிறார் என்று ஒரு போதகர் பிரசங்கித்தபோது ரால்ஸ் கோபத்தோடு அவரைக் கண்டித்திருந்தார். 1945 ஜூனுக்குள் மரபான கிறிஸ்தவ நம்பிக்கை அவரிடமிருந்து போய்விட்டது.

‘கடவுள் எனக்காக ஓர் இடத்தைக் காலி செய்தார்’ என்னும் நன்றியில் அந்தப் பிரசங்கத்தின் வாடை அடிக்கிறது. படிக்கக் கிடைத்ததற்கு நன்றி சொல்வது வேறு, பட்டியலில் எஞ்சியவர்களை விட்டுத் தன்னை எடுத்ததற்கு நன்றி சொல்வது வேறு. முன்னதற்காகத் திருப்பதியில் முடி கொடுப்பதில் ரால்ஸுக்கும் ஆட்சேபம் இருக்காது. பின்னதற்கு டோர்ட்டின் கடவுள் வேண்டும். விலகியவர் இதைவிட நல்ல இடத்துக்குத்தானே போனார் என்று சமாதானம் சொல்லலாம், பல சமயம் அது உண்மையும்கூட. ஆனால் சிலர் விலகுவது கல்விக்கடன் கிடைக்காததால். சிலர், விசா மறுக்கப்பட்டதால்.