களைப்பும் வணக்கமும்

பள்ளிவாசலில் ஒரு வாலிபன் உட்கார்ந்து தொழுவதைக் கண்டால் நம் மனத்தில் முதலில் எழுவது என்ன? “இந்த வயதில் நிற்க முடியாதா?” என்பதுதானே! நாமும் ஒரு நாள் அப்படிக் கேட்டுவிட்டோம், அதுவும் நம் சகோதரியின் மகனிடம். அவன் பதில் சொல்லவில்லை. பிறகு அவன் உம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. இரவில் நான்கைந்து முறை மலம் கழிக்க எழுகிறான், இரத்தமும் போகிறது. மூலம் என்றெண்ணி ஓராண்டு கைமருந்து சாப்பிட்டிருக்கிறான். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோதுதான் அது குடல் அழற்சி நோய் என்று தெரிந்தது.

இந்நோயில் முக்கிய வகை இரண்டு. பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்குவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது குரோன் நோய். 1932-ல் இதை விவரித்து எழுதிய மூவரில் ஒருவரான நியூயார்க் மருத்துவரின் பெயர் அது. இரண்டும் தொற்றுபவை அல்ல. தணியும், மறுபடி கிளம்பும்.

வயிற்றுப்போக்கு என்றால் பிறர் இரங்குகிறார்கள். களைப்பு என்றால் யாரும் நம்புவதில்லை! உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. இரத்தம் போவதாலும் இரும்புச்சத்து சரிவர உடலில் சேராததாலும் சோகை வருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி கெட்டாலோ, வெட்டி எடுக்கப்பட்டாலோ வைட்டமின் பி12 குறையலாம். அழற்சியே உடலை அயர்த்துகிறது. ஸ்டீராய்டு மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கலாம். நோய் தணிந்த பிறகும் பலருக்குக் களைப்பு நீங்குவதில்லை. ஆகவே டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கச் செய்யவேண்டும். குறை இருந்தால் ஈடுசெய்ய வழியுண்டு. மருந்தைத் தாமாக நிறுத்துவது ஆபத்து.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது? நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை பள்ளிக்குள் நுழைந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். அன்னை ஜைனப் (ரலி) அவர்கள் தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது அது. அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. களைப்பைச் சோம்பலென்று அவர்கள் சொல்லவில்லை, கவனித்தீர்களா? இது நஃபில் தொழுகை பற்றியது என்பீர்கள். பர்ளுக்கும் வழியுண்டு. மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுமாறும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் சொன்னார்கள்.

ஒளுவைப் பற்றிய கவலைதான் இந்நோயாளிகளுக்குப் பெரிது. ஒளுவுடன் தொழுது முடிக்கும் அளவுக்கு இடைவெளி கிடைத்தால், அந்த நேரத்தில் தொழவேண்டும். அதுவும் கிடைக்காமல் ஒரு வக்து முழுவதும் கசிவு தொடர்ந்தால் அவர் உஸ்ருடையவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஓர் ஒளு. ஷாஃபிஈ மத்ஹபில் வக்து வந்தபின் ஒவ்வொரு பர்ளுக்கும் ஓர் ஒளு. உங்கள் நிலையைக் கூச்சப்படாமல் ஆலிமிடம் சொல்லிக் கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு?

நோன்பில்தான் வீடுகளில் தகராறு. நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்; பகரா அத்தியாயத்தில் அதைக் காணலாம். வைக்கலாமா கூடாதா என்பதை ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். குணமாகும் என்ற நம்பிக்கை இருந்தால் பின்னால் களா. இல்லையென்றால் நோன்பொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவாக ஃபித்யா. மாமியார் முகம் சுளிப்பாரே என்று நோன்பு வைத்து மயங்கி விழுந்த மருமகளையும் நாம் அறிவோம்!

தலையில் காயம்பட்ட ஒருவரிடம், உமக்குச் சலுகையில்லை, குளித்தே தீரவேண்டும் என்று தோழர்கள் சொல்ல, அவர் குளித்து மரணமடைந்தார். அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கடிந்துகொண்டார்கள். இந்தச் செய்தியை அபூதாவூதில் படித்த இரவில்தான் மருமகனிடம் நாம் கேட்ட கேள்வி நம்மைச் சுட்டது. மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்லை மாமா” என்றான். சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல்கள் நோயாளிக்கும் எழுதப்படுகின்றன என்ற ஹதீஸை அவனுக்குச் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “தஹஜ்ஜுதுமா?” என்று கேட்டான். வழமையாகத் தொழுதிருந்தால் அதுவும்தான் என்றோம்.

இப்போது அவன் லுஹர் தொழுததும் சற்று உறங்கிவிட்டு, அஸருக்கு எங்களோடு வருகிறான். ஒளுச் செய்யும் இடத்துக்குப் பக்கத்துக் கழிப்பறைக்கு விளக்கும் தாழ்ப்பாளும் போடவேண்டுமென்று பள்ளி நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறோம்.