கருவிக்குறையும் அறிவுக்குறையும்

உறுப்புக் குறைந்த சிறாரை அறிவு குறைந்தோராகக் கருதுதல் உலகியலிற் பெரிதும் காணப்படும் மயக்கமாம். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிச் சிற்றூர்ப் பள்ளியொன்றிற் கூரிய அறிவுடைய சிறுவன் ஒருவன் பயில்கின்றான் எனக் கொள்க. அவன் கால்கள் முடங்கியவை. நாவும் திருந்தப் பேசாது. ஆசிரியர் அவனைக் கடைசி வரிசையில் இருத்துவர், வினா வினவார், அவன் விடை சொல்லத் தொடங்கின் முடியுமளவும் பொறார், ஆண்டிறுதியில் இரக்கத்தால் மேல்வகுப்பிற்கு அனுப்புவர். இவ்விரக்கம் அறமாகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சித்தாந்த நூல்கள் தத்துவங்களை வகுத்த முறையே இதற்கு விடை தரும். வாக்கும் பாதமும் கன்மேந்திரியங்கள்; புத்தியோ அந்தக்கரணங்களுள் ஒன்று. ஒன்றன் குறையை மற்றொன்றன் மேலேற்றுதல் தத்துவங்களைப் பகுத்தறியாமையின் பயனாம். அன்றியும், புத்தியும் சடமாகிய கருவியே; அறிவது உயிர். ஆதலின் புத்தி மந்தமாயினார் மாட்டும் இகழ்ச்சி பொருந்தாது.

அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடியிற் பதிகம் அருளிய சுந்தரமூர்த்தி நாயனார், பின்னர்த் திருவொற்றியூர் எல்லையிற் கண்ணொளி இழந்தார். அந்நாட்களில் அவர் பாடிய பதிகங்களில் ஞானம் குறைந்தது என்பார் ஒருவருமிலர். பழனியில் 1836-ஆம் ஆண்டிற் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர், குழந்தைப் பருவத்தே அம்மைநோயாற் கண்ணிழந்தும், செவிவழிக் கற்றே பெரும்புலவராய்ச் சிறந்தார். கற்பிப்பார் இலராயின் அப்புலமை வெளிப்படுதற்கு வாயிலில்லை.

"அது அவன் பழவினை" என்பாருமுளர். ஆகுக. அவன் முடம் பிராரத்தமாயின், அவனைப் புறக்கணித்தல் ஆசிரியர்க்கு ஆகாமியமன்றோ? பிறர் வினையை எண்ணித் தம் வினையை மறத்தல் சைவநெறியன்று. தனு கரணங்களை இறைவன் உயிர்க்கு அளித்தது மலநீக்கத்தின் பொருட்டேயாதலின், குறைந்த கருவியும் அக்கருணையின் கொடையே.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவு குறைபாடுடைய 6 முதல் 18 வயது வரையுள்ள சிறார்க்குக் கட்டணமில்லாக் கல்வியுரிமை அளித்தது. சட்டம் பள்ளியின் வாயிலைத் திறக்கும். உள்ளே வினவுதலும் விடைக்குக் காத்திருத்தலும் ஆசிரியர் கடன். அச்சிறுவனுக்கு வேண்டுவது இரக்கத்தால் வரும் தேர்ச்சியன்று. அவனுக்குத் தக்க வழியில் நிகழும் சோதனையே. சொல்ல இயலாதான் எழுதுக. எழுத இயலாதான் சொல்லுக. விரைய இயலாதான் காலம் பெறுக. அங்ஙனம் அளந்த பின்னரே அவன் அறிவின் அளவு கூறத்தகும்.