குமிழியும் மணியும்: ஜப்பானியச் சிறுவர் பாடல்களில் நிலையாமை

ஜப்பானியக் குடும்பங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பாடும் பாடல்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும். தெருவிலும் முற்றத்திலும் விளையாட்டோடு வாய்வழியாக வந்தவை ‘வராபே உதா’. மெய்ஜி அரசு 1880களிலிருந்து பள்ளிகளுக்காகத் தொகுத்தவை ‘ஷோகா’. சுசுகி மியேகிச்சி 1918இல் தொடங்கிய ‘அகாய் தோரி’ (சிவப்புப் பறவை) இதழை ஒட்டிக் கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் குழந்தைகளுக்கென்றே புதிதாகப் படைத்தவை ‘தோயோ’. மூன்று வகையிலும் நீண்டகாலம் நிலைத்த பாடல்கள் பலவற்றில் அந்தி, பிரிவு, இழப்பு ஆகியவை இடம்பெறுகின்றன. ஜப்பானிய பௌத்தம் இதனை ‘முஜோ’ என்கிறது, தமிழில் நிலையாமை. எதுவும் நிலைக்காது, ஆகவே பற்றை விடு என்பது அக்கொள்கை. பற்றே உருவான தாயும் தந்தையும் அதைப் பிள்ளையோடு பாடும்போது கொள்கை என்னவாகிறது என்பதே கேள்வி.

ஜப்பானியக் குழந்தைகள் நெடுங்காலம் எழுத்து கற்றதே நிலையாமையைச் சொல்லும் ஒரு செய்யுளால்தான். ‘இரோஹா’ எனப்படும் அச்செய்யுளில் 47 கானா எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஒரே முறை வருகின்றன. கிடைத்துள்ள மிகப் பழைய பிரதி 1079ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கூக்காய் என்னும் துறவி (774–835) இயற்றியதாக மரபு கூறினாலும் ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. மலரின் உதிர்வில் தொடங்கி மயக்கம் தெளிவதில் முடியும் இச்செய்யுளை, மகாபரிநிர்வாண சூத்திரத்தின் நிலையாமைப் பாடலுக்கு உரையாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே காகுபான் என்னும் துறவி விளக்கினார். இங்கே கொள்கை முழுமையாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அது வெறும் அரிச்சுவடி. பொருள் பின்னால்தான் புரியும்.

விளையாட்டுப் பாடல்களில் கொள்கை இல்லை, அச்சம் மட்டுமே உண்டு. ‘தோரியான்சே’ இதற்குச் சான்று. இரண்டு பிள்ளைகள் கைகோத்து வளைவு அமைக்க, மற்றவர்கள் அதனடியில் நுழைந்து போவார்கள். பாட்டு முடியும்போது கைகள் தாழும், உள்ளே இருப்பவர் அகப்படுவார். தென்ஜின் தெய்வத்தின் ஆலயத்துக்கு, பிள்ளையின் ஏழாம் வயதுக் கொண்டாட்டத்தை ஒட்டிக் காணிக்கை செலுத்தப் போவதைப் பாடல் சொல்கிறது. கவாகோஏ நகரின் மியோஷினோ ஆலயம் இப்பாடல் பிறந்த இடம் என்று கூறிக்கொள்ளும் தலங்களுள் ஒன்று. ஏழு வயதுவரை பிள்ளை தெய்வங்களுக்கு உரியது என்றொரு வழக்கு ஜப்பானில் உண்டு. சிறுவயதிலேயே பிள்ளைகள் பலர் இறந்த காலத்தில், ஏழாம் வயது ஒரு கண்டத்தைத் தாண்டியதற்கு அடையாளமாக இருந்தது. திரும்பும் வழியைப் பற்றிய பயத்தையும், பயந்தாலும் கடந்து போ என்ற சொல்லையும் பாடல் அருகருகே வைத்து நிறுத்திவிடுகிறது. பயத்துக்கு விளக்கமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

தோயோ கவிஞர்களிடம்தான் கொள்கையும் பற்றும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. நொகுச்சி உஜோவின் ‘ஷாபோன்தாமா’ (சோப்புக் குமிழி) 1922இல் ‘கின் நோ தோ’ என்னும் பௌத்தச் சிறுவர் இதழில் வெளிவந்தது. இசை நாகாயாமா ஷின்பெய். குமிழி பௌத்தத்தின் மிகப் பழைய உவமைகளுள் ஒன்று. கனவு, குமிழி, நிழல், பனித்துளி, மின்னல் என்று வஜ்ரச்சேதிகா சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பு உலகத்தை உவமிக்கிறது. 1212இல் கமோ நோ சோமெய் எழுதிய ‘ஹோஜோகி’யும் மனித வாழ்வை ஆற்று நீரில் தோன்றி மறையும் குமிழிகளாகக் காட்டித்தான் தொடங்குகிறது. உஜோவின் பாடலிலும் குமிழிகள் கூரைவரை போய் உடைகின்றன. சில பிறந்தவுடனே மறைகின்றன. ஆனால் முடிவு சூத்திரத்தின் முடிவு அன்று. காற்றே வீசாதிரு என்று பாடல் கெஞ்சுகிறது. நிலையாமையை அறிந்த பின்னும் இன்னும் சிறிது நேரம் வேண்டும் என்ற வேண்டுகோள் அது.

உஜோ தம் இறந்த மகளை நினைத்து இதை எழுதினார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவருடைய முதல் மகள் 1908இல் பிறந்த சில நாள்களில் இறந்தது உண்மை. இன்னொரு மகள் இறந்தது 1924இல், அதாவது பாடல் வெளிவந்த பிறகு. அவரே பாடலுக்கு அப்படி ஒரு விளக்கம் தந்ததாகச் சான்று இல்லை. இருந்தும் அந்தக் கதை நிலைத்திருப்பது, கேட்பவர்கள் இப்பாடலை ஒரு பிள்ளையின் இழப்பாகவே உணர்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது. மெட்டின் தொடக்கம், இயேசு தம்மை நேசிக்கிறார் என்று குழந்தைகள் பாடும் அமெரிக்கக் கிறித்தவப் பாடலொன்றை ஒத்திருப்பதும் சுட்டிக்காட்டப்பட்டுள்ளது. அப்படிப் பார்த்தால் பௌத்த இதழில் வந்த வரிகள், நேசத்தைப் பாடும் மெட்டை நினைவூட்டும் இசையோடு பாடப்படுகின்றன.

நாகாமுரா உகோவின் ‘யூயாகே கோயாகே’ (அந்திச் செவ்வானம்) இதே மாற்றத்தைக் கோயில் மணியில் செய்கிறது. ‘ஹெய்கே மோனொகதாரி’ காவியத்தின் தொடக்கத்தில் கியோன் கோயில் மணியின் நாதம் எல்லாம் நிலையாதவை என்று ஒலிக்கிறது. அதற்குப் பிறகு ஜப்பானிய இலக்கியத்தில் மணியோசை நிலையாமையின் குரலாகவே நின்றது. உகோ இன்றைய ஹாச்சியோஜி நகரைச் சேர்ந்த ஓன்கதா என்னும் மலைக்கிராமத்தில், ஷிந்தோ ஆலயப் பூசாரி ஒருவரின் மகனாக 1897இல் பிறந்தவர். அவருடைய பாடலில் ஒலிப்பதோ பௌத்தக் கோயிலின் மணி. இரு சமயங்களும் ஒரே ஊரில் கலந்து வாழ்ந்த இயல்பே அது. அந்த மணியைக் கேட்ட பிள்ளைகள் கைகோத்து, காக்கைகளோடு வீடு திரும்புகிறார்கள். உலகை விட்டு விலகச் சொன்ன ஓசை இங்கே வீட்டுக்கு அழைக்கும் ஓசையாகிறது. குசாகாவா ஷின் இசையமைத்த இப்பாடல் 1923இல் அச்சானது. அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நிகழ்ந்த கான்தோ நிலநடுக்கத் தீயில் பிரதிகள் எரிந்துபோக, அதற்கு முன்பே கைமாறியிருந்த சிலவற்றிலிருந்து பாடல் பரவியது. இன்றும் பல ஊர்களில் மாலை வேளையில் பொது ஒலிபெருக்கியில் இந்த மெட்டு ஒலிக்கிறது. பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தி வீடு திரும்ப அதுவே குறிப்பு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பாடல்களில் மொழி எளிதாகிறது, சமயச் சின்னங்கள் மறைகின்றன, கேள்வி மறையவில்லை. யானாசே தகாஷி 1961இல் எழுதி இசுமி தாகு இசையமைத்த ‘தெ நோ ஹிரா ஓ தாய்யோ நி’ (உள்ளங்கையைச் சூரியனை நோக்கி) அதற்குச் சான்று. மனம் சோர்ந்திருந்த ஓர் இரவில் விளக்கொளியில் தம் கையைப் பார்த்தபோது குருதியின் சிவப்பு தெரிந்ததே இதற்குத் தூண்டுதல் என்று யானாசே சொன்னதுண்டு. மண்புழுவும் பிள்ளைப்பூச்சியும் இப்பாடலில் பாடுபவரின் தோழர்கள். உயிர்கள் அனைத்தையும் ஒரே வரிசையில் வைக்கும் பௌத்த நோக்கு இதில் எதிரொலிக்கிறது. ஆனால் துயரம் கடக்கப்பட வேண்டியதாகக் காட்டப்படவில்லை; சிரிப்பைப் போலவே அதுவும் உயிரோடு இருப்பதன் விளைவாகச் சொல்லப்படுகிறது.

ஆக, இப்பாடல்கள் பௌத்தத்திலிருந்து குமிழியையும் மணியையும் எடுத்துக்கொள்கின்றன. அதன் முடிவை எடுத்துக்கொள்வதில்லை. எதுவும் நிலைக்காது என்பதைப் பிள்ளையிடமிருந்து மறைக்காமல் சொல்கின்றன. ஆகவே விடு என்று மட்டும் சொல்வதில்லை. காற்றை வேண்டிக்கொள்வதும், இருட்டுவதற்குள் கையைப் பிடித்துக்கொள்வதுமே அவை காட்டும் வழி. துறவியின் நோக்கில் இது குறைபட்ட ஞானம். பிள்ளையை வளர்ப்பவர் நோக்கில், நிலையாத ஒன்றின் மீது அன்பு வைக்கக் கற்பதே முதல் பாடம். விடுவது அதன் பிறகு வருவது.