மாக்கோழியும் அட்டைக் கத்தியும்

உண்ணும் பொருளில் நம்மவர் காட்டும் கவனம் ஊரறிந்தது. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உணவை முடிக்கிறோம். கிழங்கு வகைகளை விலக்குகிறோம். ஆனால் விளையாட்டிற்கென்றும் அலங்காரத்திற்கென்றும் வாங்கும் பொருள்களில் அக்கவனத்தில் பாதியேனும் செலுத்துகிறோமா? இவ்வினாவை என்னுள் எழுப்பியவன் பன்னிரண்டு வயது நிரம்பிய என் பேரன்.

அவன் பள்ளியில் மாறுவேடப் போட்டி அறிவித்திருந்தார்கள். நம் காலத்தில் மாறுவேடமென்றால் பாரதியார், ஔவையார், காந்தியடிகள் என்று முடிந்துவிடும். இக்காலப் பிள்ளைகளுக்குப் படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் வீரர்களே தலைவர்கள். அவ்வீரர்களின் முகமூடி, மார்புக் கவசம், வாள் அனைத்தையும் தாமே செய்து அணிவதற்குக் 'காஸ்ப்ளே' என்று பெயராம். ஆடை, ஆட்டம் எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி, 1980-களில் ஜப்பானியர் அமைத்துக்கொண்ட சொல் அது. 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கான் விழாவில் இளைஞர் பலர் இவ்வாறு வேடமிட்டு வந்ததைப் படத்தில் கண்டு, தானும் அவ்வாறே செய்ய வேண்டுமென்று ஆசை கொண்டிருந்தான்.

இராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் அட்டையையும் கத்தரிக்கோலையும் வைத்துக்கொண்டு அமர்ந்தவன், திடீரென்று நிமிர்ந்து, "பாட்டி, மாவில் செய்த கோழியை வெட்டியதற்கே அந்த அரசன் அத்தனை பிறவி எடுத்தான் என்று சொன்னீர்களே, அட்டையில் கத்தி செய்தால் நமக்கும் பாவம் வருமா?" என்று கேட்டான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பழகிய எனக்கு அன்று நா எழவில்லை. "நாளை சொல்கிறேன், தம்பி" என்று காலம் கேட்டுக்கொண்டேன். அந்த நாளைய விடையே இக்கட்டுரை.

யசோதர காவியத்தின் கதையை நம் இல்லங்களில் அறியாதார் இலர். தீக்கனாக் கண்டு கலங்கிய யசோதர மன்னனை, தேவிக்கு உயிர்ப்பலி தருமாறு தாய் சந்திரமதி வேண்டுகிறாள். உயிர்க்கொலைக்கு மன்னன் உடன்படவில்லை. அங்ஙனமாயின் மாவினால் கோழி செய்து பலியிடுக என்கிறாள் தாய். மன்னன் இசைகிறான். அதன்பின் மனைவியின் நஞ்சால் தாயும் மகனும் இறந்து, மயிலும் நாயுமாகப் பிறந்து, மேலும் பல விலங்குப் பிறவிகளில் உழல்கின்றனர். ஓருயிரும் கொல்லப்படவில்லை, ஆயினும் வினை வந்து சேர்ந்தது. ஏன்? வாளை ஓங்கிய கணத்தில் மன்னன் உள்ளத்தில் இருந்தது மாவன்று, கோழி. உயிருள்ள கோழிக்கு ஈடாகவே அதை வெட்டினான். பொருள் பொய், எண்ணம் மெய்.

என் பேரனின் அட்டைக் கத்தியோ வேறு. அது எவ்வுயிருக்கும் ஈடாக எதையும் வெட்டுவதற்கன்று. நாடகத்தில் ஏந்தும் கத்தியைக் கீழே வைப்பதற்காகவும் ஏந்தலாம். பரதனும் பாகுபலியும் படைகளை மோதவிடாது, கண்ணாலும் நீராலும் மல்லாலும் மட்டும் பொருத கதையை நம் பிள்ளைகள் மேடையில் நடிக்கும்போது, உடன்பிறந்தார் இருவரும் வாளை ஒதுக்கி வைக்கும் காட்சியன்றோ நெஞ்சைத் தொடுகிறது! ஒதுக்கி வைப்பதற்கேனும் அங்கே ஒரு வாள் வேண்டியிருக்கிறது. ஆகவே எண்ணம் தூயதாயின் அட்டைக் கத்தியில் குற்றமில்லை என்று துணிந்தேன்.

துணிந்தபின்னரும் உறக்கம் வரவில்லை. வேறொரு நினைவு வந்து வருத்தியது.

1980-களின் தொடக்கம். திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பணியாற்றினேன். ஆண்டு விழாவில் மயில் நடனம். ஆசிரியப் பயிற்சியில் கைத்தொழிலில் முதல் மதிப்பெண் பெற்றவள் என்ற செருக்கு எனக்குண்டு. தோகைக்குக் காகிதம் போதுமென்று தலைமையாசிரியை சொல்லியும் கேளாமல், சந்தையில் உண்மையான மயிற்பீலியைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்தேன். நம் முனிவர் பெருமக்கள் கையில் ஏந்தும் பிஞ்சியும் மயிற்பீலியால் ஆனதுதானே, இதில் என்ன தவறு என்று எண்ணினேன். கட்டைப் பிரித்த மாணவி ஒருத்தி, "டீச்சர், இதன் அடியில் இரத்தம் காய்ந்திருக்கிறது" என்று காட்டினாள். மயில் தானாக உதிர்க்கும் பீலியின் அடித்தண்டு தூய்மையாக இருக்கும். பிடுங்கிய பீலியில்தான் குருதியும் தசையும் ஒட்டியிருக்கும். முனிவர் கையிலுள்ளது உதிர்ந்த பீலி. நான் வாங்கியது பிடுங்கிய பீலி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாணவியை "சும்மா இரு" என்று அடக்கிவிட்டு நடனத்தை நடத்தினேன். கைதட்டலும் கிடைத்தது. அக்கைதட்டல் இன்றும் செவியில் கூசுகிறது.

1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மயிலைக் கொல்வதைத் தடுக்கிறது. உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்பதை மட்டும் ஒப்புகிறது. ஆனால் கட்டாக விற்கும் கடையில், இது உதிர்ந்தது, இது பிடுங்கியது என்று பிரித்துக் காட்டுவார் யார்? வாங்குவோர் பெருகப் பெருக, மயில் உதிர்க்கும் வரை காத்திருக்கும் பொறுமை விற்போருக்குக் குறையும்.

இங்கேதான் யசோதரன் கதை தலைகீழாகிறது. அவன் கையில் இருந்த பொருள் குற்றமற்ற மாவு, எண்ணத்தில் கொலை. என் எண்ணம் குற்றமற்ற விளையாட்டு. கையில் இருந்த பொருளில் கொலை. எண்ணம் மட்டும் தூயதாக இருந்தால் போதுமென்ற என் துணிபு பாதி உண்மையே. கவனமின்மையால் விளையும் உயிர்த்துன்பத்தை உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சை என்றே வகுத்தார். அறியேன் என்பது விடையாகாது. அறிந்துகொள்ள முயன்றாயா என்பதே கேள்வி.

ஆகவே மறுநாள் பேரனை அருகில் அமர்த்தி, அவன் எழுதி வைத்திருந்த பொருட்பட்டியலை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம்.

முதலில் தூரிகை. மென்மையான தூரிகைகள் சில கீரியின் முடியால் ஆனவை. கீரி சட்டத்தால் காக்கப்படும் விலங்கு. ஆயினும் அதன் முடிக்காகக் கள்ளத்தனமாகக் கொல்லப்படுகிறது. நைலான் தூரிகை சற்றே முரடு. ஆனால் முகமூடிக்குப் போதும். அடுத்து மெருகு. அரக்கு மெருகு மரக்கிளையில் வாழும் சிறு பூச்சிகளின் கசிவிலிருந்து வருவது. சுரண்டி எடுக்கையில் எண்ணற்ற பூச்சிகள் மடிகின்றன. மேலாடைக்குப் பட்டுத் துணி கேட்டிருந்தான். கூட்டிலிருக்கும் புழுவோடு கொதிநீரில் இட்டே பெரும்பாலான பட்டு எடுக்கப்படுகிறது என்றதும், தானே அதை அடித்துவிட்டான். தோல் வாருக்கு மாற்றாக நாடாவும், சங்கு, சோழிகளுக்கு மாற்றாகப் பொத்தான்களும் வந்தன.

பசையில் சிக்கல் நுணுக்கமானது. முற்காலத்துத் தச்சர் பயன்படுத்திய வச்சிரம் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. 1959-இல் வந்த ஃபெவிகால் போன்ற செயற்கைப் பசைகள் அதை விலக்க உதவின. வீட்டிலேயே மைதாப் பசை காய்ச்சலாம். ஆனால் அதில் பூச்சி அணுகாதிருக்க மயில்துத்தம் கலப்பர். அது பூச்சிக்கும் நஞ்சு, பிள்ளைக்கும் நஞ்சு. கலக்காவிட்டாலோ கரப்பும் எறும்பும் தேடி வரும். பின் அவற்றைக் கொல்ல நேரும். மரவள்ளி மாவுப் பசை நன்றாக ஒட்டும். ஆனால் கிழங்கை உண்ணாத வீட்டில் அதை ஒட்டவும் மனம் வரவில்லை.

அடுத்து தெர்மாகோல். அதில் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் காற்றுதான், எளிதில் செதுக்கலாம். காசிமேட்டில் மீன் அனுப்பும் பெட்டிகளின் உடைந்த துண்டுகள் எங்கள் பகுதியில் காசின்றிக் கிடைக்கும். பேரன் ஒரு துண்டை எடுத்தே வந்துவிட்டான். மருமகள் முகம் சுளித்தாள்: "மீன் இருந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டு வரலாமா, அத்தை?" எறிந்த பெட்டியை எடுப்பதால் புதிதாக ஒரு மீனும் பிடிபடாது என்றேன். ஆனால் அதன் மறுமுனையை நினைத்துப் பார்த்தேன். செருப்புக்கு ஒட்டும் ரப்பர்ப் பசையைத் தடவினால் தெர்மாகோல் கரைந்து குழியாகும். தெளிப்பு வண்ணமும் அவ்வாறே அரிக்கும். சூடான கம்பியால் அறுத்தால் எழும் புகை நுரையீரலுக்குக் கேடு. போட்டி முடிந்தபின் அது மட்காது; போகியன்று தெருவில் கொளுத்தினால் கரும்புகை. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளன்று தெர்மாகோல் தட்டும் குவளையும் தடைசெய்யப்பட்டன. தட்டுக்கு ஆகாதது முகமூடிக்கு ஆகுமா?

காஸ்ப்ளே கலைஞர் பெரிதும் விரும்புவது ஈ.வி.ஏ. எனும் நுரைப்பலகை. ரப்பர் செருப்பின் அடியிலும் குழந்தைகளின் தரைவிரிப்பிலும் உள்ள அதே பொருள். வெப்பக் காற்றால் வளைத்துக் கவசம் செய்யலாம். உயிர்ப்பொருள் ஏதும் அதில் இல்லை. ஆனால் தேய்க்கும்போது பறக்கும் தூளும், ஒட்டும் பசையின் நெடியும் மூச்சுக்கு ஆகா. அதுவும் பெட்ரோலியத்தில் பிறந்ததே.

பெட்ரோலியம் என்றதும் எங்கள் பகுதியார்க்கு எண்ணூர் நினைவு வாராதிருக்குமா? 2017 சனவரியில் இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை மனிதர் வாளியால் அள்ளினர். 2023 திசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது கூழைக்கடாக்களின் சிறகுகள் கறுத்து ஒட்டிக்கொண்டன. அம்மாத இறுதியில், கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் மூச்சுத் திணறிய மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினர். ஒரு சிறுவனின் கவசத்தால் இவை நேர்ந்தன என்பது என் கருத்தன்று. ஆனால் வேண்டாத பொருளை வாங்கும் ஒவ்வொரு கையும் அச்சங்கிலியின் ஒரு கண்ணி என்பதை மறைத்துப் பேசவும் மனம் ஒப்பவில்லை.

அப்படியானால் ஒன்றும் செய்யாதிருப்பதே அறமா? அன்று. இல்லறத்தாருக்குச் சங்கல்ப ஹிம்சை அறவே கூடாது. சமைத்தல், பெருக்குதல் போன்ற இல்வாழ்க்கைச் செயல்களில் தவிர்க்க இயலாத ஆரம்ப ஹிம்சையை இயன்றவரை குறைக்க வேண்டும் என்பதே நம் முன்னோர் வகுத்த நெறி. குற்றமேயில்லாத பொருளைத் தேடினால் கிடைக்காது. குறைந்த குற்றமுடையதைத் தேடினால் வீட்டிலேயே கிடைக்கும்.

எங்கள் வீட்டிலும் கிடைத்தது. என் பாட்டியார் முறத்திற்கும் கூடைக்கும் பூசிய காகிதக் கூழ் அது. பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்தால் பூச்சி எளிதில் அணுகாத கூழ் கிடைக்கும். கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, கூழை ஒரே சீராக அப்பி, வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்ததும் கழற்றிக் கண்ணுக்கும் மூக்குக்கும் துளையிட வேண்டும். மூச்சு தாராளமாகச் செல்ல வேண்டும் என்பதை மறத்தலாகாது. கவசத்திற்கும் வாளுக்கும் மளிகைக் கடை அட்டைப் பெட்டியே போதும். வங்கத்தின் புருலியா மாவட்டத்துச் சௌ நடனக்காரர்களின் பெரிய முகமூடிகளும் காகிதத்தையும் துணியையும் களிமண்ணையும் கொண்டே செய்யப்படுகின்றன என்று சொன்னபோது பேரனுக்கு ஊக்கம் பிறந்தது.

போட்டிக்கு முந்தின நாள். அட்டை விளிம்புகளை ஒட்டச் சிறிதளவு மைதாப் பசை காய்ச்சியிருந்தோம். மாடியில் காயவைத்த கவசத்தின் மேல் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. வண்ணம் பூச வேண்டிய நேரம். தட்டிவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். பேரன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கவசத்தை மெல்ல நிழலில் சாய்த்து, பக்கத்தில் சிறிது சர்க்கரையைத் தூவிவிட்டுக் காத்திருந்தான். கடைசி எறும்பு இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. கவசத்தின் முதுகுப் பக்கம் வண்ணமின்றி, சோப்புப் பெட்டியின் எழுத்துகளோடே மறுநாள் மேடையேறியது. பரிசு கிடைக்கவில்லை.

வீடு திரும்பியவனிடம், "வருத்தமா, தம்பி?" என்றேன். "கொஞ்சம்" என்றான். பொய் சொல்லாத அந்தக் 'கொஞ்ச'த்தில் நான் நிறைவு கண்டேன். விலை ஏதும் கொடாமல் காக்கும் அறம் இன்னும் சோதிக்கப்படாத அறமே. 1980-களில் நான் கைதட்டலை வாங்கிக்கொண்டு மாணவியின் வாயை அடைத்தேன். அவன் கைதட்டலை விட்டுக்கொடுத்து எறும்புகளுக்கு வழிவிட்டான். ஆசிரியையாக இருந்த நான் அன்று மாணவியானேன்.

தாய்மார்களே! பள்ளி விழாவுக்குப் பிள்ளைகள் பொருள் கேட்கும்போது, நேரமில்லையென்று கடையில் கிடைத்ததை வாங்கித் தந்து அனுப்பிவிடாதீர்கள். இது எங்கிருந்து வந்தது, யார் மூச்சைத் தொட்டு வந்தது, நாளை எங்கே போகும் என்று பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் விடை கிடைக்காமற் போகலாம். கேட்கும் பழக்கம் கிடைத்தால் அதுவே பெரும் பேறு.

அந்த அட்டைக் கத்தி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அடுத்த ஆண்டும் அதுவே போதுமாம். புதிதாகச் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

அறம் வளர்க!