மண்ணுக்கென்று ஒரு விதைப்பு

புரட்டாசி. வெயில் பொன்னுருகக் காய்கிறது.

கத்தரி ஓய்ந்துவிட்டது. பிடுங்காமல் தரையை ஒட்டி அறுக்கிறேன். வேர் உள்ளேயே இருக்கட்டும்.

பாத்தி வெறுமையாகக் கிடக்கிறது. மேல்மண் வெளிறியிருக்கிறது. தொட்டால் பொடி.

*

ஏதாவது நட்டுவிடக் கை பரபரக்கிறது. முள்ளங்கி. சிறுகீரை.

பரபரப்பு வருகிறது. சற்று நேரம் இருக்கிறது. போகிறது.

மழைக்கு முன்னால் மண்ணை வெறுமையாக விடக் கூடாது. இந்த முறை சமையலறைக்கு எதுவும் இல்லை.

*

தக்கைப்பூண்டு விதை. சிறியது. வழவழப்பு. பழுப்பில் கொஞ்சம் பச்சை.

வயலுக்கு ஏக்கருக்கு 20 கிலோ என்பார்கள். வீட்டுத் தோட்டத்தில் சென்ட்டுக்கு 200 கிராம்.

இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து காலையில் பருத்திருக்கிறது.

கூடவே தட்டைப்பயறு, கம்பு, எள். அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகும் வெந்தயமும். இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பல தானிய விதைப்பு. ஒவ்வொரு வேரும் ஒவ்வோர் ஆழத்துக்குப் போகும்.

வீசுகிறேன். விழும் ஓசை கேட்கவில்லை.

*

அடுத்த பாத்தியில் வெண்டை. இதைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். வேரெல்லாம் வீங்கித் திரண்டிருக்கிறது. நூற்புழு.

இங்கே சணப்பை. அதன் வேரில் இந்தப் புழு பெருகுவதில்லை.

*

மண் லேசாக வெடிக்கிறது. இரண்டு விதையிலைகள். ஒன்று மண்கட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

எறும்புகள் எள்ளை இழுத்துப் போகின்றன. போகட்டும்.

*

ஐப்பசி. மழை.

நடைபாதையில், வெறும் மண்ணில், துளி விழுந்து மண்கட்டி உடைகிறது. துகள்கள் சிதறி மண்ணின் துளைகளை அடைக்கின்றன. இறங்க வழியில்லாத நீர் கலங்கி ஓடுகிறது, மேல்மண்ணைத் தூக்கிக்கொண்டு.

பாத்தியில் அடியை இலைகள் வாங்கிக்கொள்கின்றன. துளி சிதறித் தண்டு வழியே இறங்குகிறது. அங்கே எதுவும் ஓடவில்லை.

மழையின் ஓசை. வேறெதுவும் இல்லை.

மாடியில் துணி காய்கிறதோ என்று ஒரு எண்ணம். அதுவும் நனைந்து போகிறது.

*

அந்தி. தக்கைப்பூண்டின் சிற்றிலைகள் இணை இணையாக மடங்குகின்றன.

எந்தக் கணத்தில் என்று பார்த்துக்கொண்டிருந்தால் தெரிவதில்லை.

*

ஒரு செடியைச் சுற்றிலும் தோண்டி எடுக்கிறேன். வெடுக்கென்று இழுத்தால் வேர்முடிச்சுகள் உதிர்ந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

வாளித் தண்ணீரில் வேரை அலசுகிறேன். மண் கரைகிறது. முடிச்சுகள் தெரிகின்றன. கடுகளவு. சில, மிளகளவு.

வெண்டையில் வேரே வீங்கியிருந்தது. இவை வேரின் பக்கத்தில் ஒட்டி நிற்கின்றன. விரல் பட்டாலே கழன்று வருகின்றன.

ஒன்றை நகத்தால் கிள்ளுகிறேன். உள்ளே இளஞ்சிவப்பு.

வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பச்சை என்றால் முடிந்துவிட்டது. சிவப்பு என்றால் இப்போது நடக்கிறது.

அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது. நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்கு உறவு. முடிச்சுக்குள் ஆக்சிஜன் மிகாமல் பார்த்துக்கொள்கிறது. மிகுந்தால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி செயலற்றுப்போகும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் எடுத்துக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் இந்த நுண்ணுயிரைத் தனியே பிரித்தெடுத்தார். பயறு விளைந்த நிலம் தேறும் என்பதை உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே கண்டிருந்தார்கள்.

விரல் நுனியில் சிவப்பு. மூச்சு உள்ளே போகிறது. அதிலும் பெரும்பகுதி நைட்ரஜன். வந்தபடியே வெளியே போகிறது.

*

கார்த்திகை. மஞ்சள் மொட்டுகள்.

விதைத்து 45 நாளையொட்டி, பூக்கத் தொடங்கும்போதே அறுத்து மண்ணில் மடக்க வேண்டும். இப்போது தண்டு இளசு. தழையில் சத்து நிறைந்திருக்கிறது. காய் பிடித்தால் சத்து விதைக்குப் போய்விடும். தண்டு முற்றி நாராகிவிட்டால் மட்க நாளாகும்.

தெரிகிறது. அரிவாள் கையில் அப்படியே இருக்கிறது.

ஒரு தேனீ வருகிறது. தட்டைப்பயற்றில் பிஞ்சு தொங்குகிறது. விட்டுவைத்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும்.

ஆசை. அதைத் துரத்தவில்லை. வளர்க்கவும் இல்லை.

*

அறுக்கிறேன். பச்சை வாசம் மூக்கில் ஏறுகிறது. உள்ளங்கை பிசுபிசுக்கிறது.

துண்டு துண்டாக நறுக்கி, மண்வெட்டியால் மேல்மண்ணோடு புரட்டுகிறேன். ஆழம் வேண்டாம். காற்றுப் படாத ஆழத்தில் தழை நாறி அழுகும்.

மண்ணில் ஈரம் இருக்கிறது. ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போகிறது.

*

மிளகாய் நாற்று வளர்ந்து நிற்கிறது. மூலையிலாவது நட்டுவிடலாமா என்று பாத்தியைப் பார்க்கிறேன்.

தழை மட்கும் இடத்தில் இளவேர் கருகும். மடக்கிய பிறகு இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும்.