சிரித்துவிட்டுப் போனவர்கள்

நெய்வேலியில் குடியிருக்கும் வீட்டின் வகையைச் சொன்னாலே சம்பளம் தெரிந்துவிடும். 1956-ல் நிறுவனம் தோன்றி, கிராமங்களை அப்புறப்படுத்தி, வட்டம் வட்டமாக எழுப்பிய நகரியம். மத்தியதர வாழ்வைக் கிண்டல் செய்ய இதைவிடத் தோதான இடம் கிடையாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் இறுதியில் ஒரு மாலை, கடைத்தெருவில் இளைஞர்கள் சிலர் வீதி நாடகம் போட்டார்கள். 1980-ல் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறைக்குப் பின் தமிழில் எழுந்த அலையின் ஒரு நுரை. பிரமோஷன், தவணையில் ஃப்ரிட்ஜ், பெண்ணுக்கு மாப்பிள்ளை; நான்கு பேர் ஒரே உடலசைவில் இவற்றைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். சக ஊழியர் என் விலாவில் இடித்து, ‘நம்ம அக்கவுண்ட்ஸ்காரரை அப்படியே புடிச்சிட்டான் பாருங்க’ என்றார். அக்கவுண்ட்ஸ்காரரும் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தார், யாரை நினைத்தோ.

எவனுக்கும் உறைக்காத அங்கதம் என்ன காரியம் செய்கிறது? இங்கே பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். எங்கள் சிரிப்பும் அப்படி இறைத்ததுதானோ? 1989 புத்தாண்டன்று, சாஹிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக நாடகம் போட்டுக்கொண்டிருந்த சஃப்தர் ஹஷ்மியைத் தாக்கினார்கள், மறுநாள் இறந்தார். மாதச் சம்பளக்காரனை நக்கல் செய்ததற்காக எவரும் அடிபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. டீ வாங்கிக் கொடுப்பார்கள். நாங்களும் வாங்கிக் கொடுத்தோம்.

சிரிக்காதவன் ஒருவன் இருந்தான். சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலி. அப்பாவின் நிலம் அந்தச் சுரங்கத்துக்குள்தான் போயிருந்தது. ‘புடிக்கலியா?’ என்று டீக்கடையில் கேட்டேன்.

‘நல்லாத்தான் சார் ஆடுனாங்க. எங்களுக்கும் ஒரு கோட்ரஸும் மாசச் சம்பளமும் குடுத்தா நாங்களும் அப்பிடித்தான் சார் இருப்போம்.’

குரலில் கிண்டல் இல்லை. அவன் வேண்டுவதைத்தான் நாடகம் அற்பம் என்றது. அற்பம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அதை அவன் முன்னால் சொல்ல, அதை அடைந்துவிட்டவனுக்கு என்ன யோக்யதை? சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’தில் எழுத்தாளனும் மற்றவர்களோடு அதே சக்கரத்தில்தான் சுற்றுகிறான். எங்கள் நாடகத்திலோ சுற்றியவர்கள் அந்த நால்வர் மட்டுமே. பார்த்த நாங்கள் வெளியே இருப்பதாக எண்ணிக்கொண்டோம். அவன் உண்மையிலேயே வெளியே இருந்தான்.

2023-ல் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை, ஓய்வுபெற்று வெளியூரில் இருக்கும் நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். ‘அநியாயம்’ என்றேன். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.